வீட்டுக் கணினியின் ஃபயர்வால்: அறிகுறியைக் கொண்டு பழுது கண்டறியும் வழிமுறை

திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கங்களில் வீட்டுக் கணினி பெரும்பாலும் வீட்டுக்கு மட்டுமானதாக இருப்பதில்லை. பகலில் அதில் ஜாப் ஒர்க் பில்லும் டேலி கணக்கும் ஓடுகின்றன. மாலையில் பிள்ளைகள் அதிலேயே படிக்கிறார்கள். தறி குடோனையோ தோட்டத்தையோ செல்பேசியில் காட்டும் கேமரா பெட்டியும் அதே ரவுட்டரில்தான் இணைந்திருக்கிறது. இப்படிப்பட்ட கணினிகளில் நான் திரும்பத் திரும்பச் சரிசெய்ய நேரும் பழுது ஒன்று உண்டு: ஏதோ ஒரு மென்பொருள் ஓடவில்லை என்பதற்காக யாரோ ஃபயர்வாலை, அதாவது அழைக்காமல் வெளியிலிருந்து கணினிக்குள் வருவதைத் தடுக்கும் காவலை, மொத்தமாக அணைத்துவிட்டு, அதைத் திரும்பப் போடாமலேயே போயிருப்பார்கள். ஒரு ஆட்டை உள்ளே விடுவதற்காக வேலி முழுவதையும் பிடுங்கிப் போடுவது போன்ற வேலை அது. கீழே சொல்லியிருப்பவை அனைத்தும், அணைக்காமலேயே குறையைத் தீர்ப்பதற்கான வழிகள்.

இவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். எதைத் தொடுவதற்கு முன்பும் டேலி தரவையும் முக்கியமான கோப்புகளையும் ஒரு பென்டிரைவில் நகலெடுத்து, அந்தப் பென்டிரைவைக் கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள். கணினியிலேயே செருகி வைத்திருக்கும் நகல், கணினிக்கு ஒன்று நேர்ந்தால் அதோடு சேர்ந்தே போய்விடும்.

## அறிகுறி 1: "உங்கள் ஃபயர்வால் அணைந்துவிட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று திரை கத்துகிறது

அழைக்க வேண்டாம். விண்டோஸ் தரும் உண்மையான எச்சரிக்கை எதிலும் தொலைபேசி எண் இருக்காது. எண் இருந்தால் அது மோசடி என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துகொள்ளலாம்.

### எச்சரிக்கை திரை முழுவதையும் மறைத்திருந்தால்

எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிரவுசரை மூடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

### வலது கீழ் மூலையில் சிறு பெட்டியாக வந்துகொண்டே இருந்தால்

ஏதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டபோது யாரோ 'அலவ்' அழுத்தியிருக்கிறார்கள். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். அறியாத பெயர்களை எல்லாம் நீக்கிவிட்டால் பெட்டி நின்றுவிடும். இதற்கு எந்த மென்பொருளும் வாங்கத் தேவையில்லை.

### ஏற்கெனவே அந்த எண்ணை அழைத்துவிட்டிருந்தால்

அவர்கள் சொன்ன எதையாவது கணினியில் நிறுவியிருந்தால் ரவுட்டரை அணைத்துவிட்டு நேரே அறிகுறி 4-க்குப் போங்கள்.

## அறிகுறி 2: ஃபயர்வால் உண்மையாகவே அணைந்திருக்கிறது, அல்லது போட்டாலும் மறுபடி அணைகிறது

முதலில் உண்மை நிலையைப் பாருங்கள். ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டி என்று தேடித் திறந்து, 'ஃபயர்வால் அண்ட் நெட்வொர்க் புரொடெக்ஷன்' பகுதிக்குப் போனால் டொமைன், பிரைவேட், பப்ளிக் என்று மூன்று வரிகள் தெரியும். மூன்றும் 'ஆன்' என்று இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அணைந்திருந்தால் அது பெரும்பாலும் கைவேலை. போட்டுவிட்டு, எந்த மென்பொருளுக்காக அணைத்தார்கள் என்று வீட்டில் விசாரித்து, அறிகுறி 3-இல் உள்ளபடி அதற்கு மட்டும் வழி திறந்துகொடுங்கள்.

### வேறொரு ஆன்டிவைரஸ் இருக்கிறதா

கணினி வாங்கும்போது கடையில் போட்டுக்கொடுத்த ஆன்டிவைரஸில் தனி ஃபயர்வால் இருந்தால், அது பொறுப்பை எடுத்துக்கொண்டு விண்டோஸின் ஃபயர்வாலை ஒதுக்கிவிடும். அதுவரை குறை இல்லை. அதன் உரிமக் காலம் முடிந்தும் யாரும் புதுப்பிக்காமல் விட்டால், எந்த ஃபயர்வால் காவல் இருக்கிறது என்றே சொல்ல முடியாத நிலை உண்டாகும். புதுப்பியுங்கள்; இல்லையென்றால் அதை முழுமையாக நீக்கி, கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸின் ஃபயர்வால் தானாக எழுந்துகொள்கிறதா என்று பாருங்கள். ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் தங்கள் மென்பொருளின் எச்சங்களை நீக்கும் கருவியைத் தங்கள் தளத்திலேயே இலவசமாகத் தருகின்றன. சாதாரணமாக நீக்கிய பிறகும் தகராறு இருந்தால் அதையும் ஓட்ட வேண்டும். காசு கொடுத்துத் தனி ஃபயர்வால் வாங்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், சாதாரண வீட்டுக்கு விண்டோஸோடு வருவதே போதும் என்பதுதான்.

### சர்வீஸ் ஓடுகிறதா

சர்வீஸ் என்பது பின்னணியில் ஓடும் நிரல். ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து இரண்டு வரிகளைத் தேடுங்கள்: 'விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால்', 'பேஸ் ஃபில்டரிங் இன்ஜின்'. இரண்டுக்கும் நிலை 'ரன்னிங்' என்றும் தொடக்க வகை 'ஆட்டோமேட்டிக்' என்றும் இருக்க வேண்டும். இரண்டாவது ஓடாவிட்டால் முதலாவது எழவே முடியாது. பட்டியலில் இந்தப் பெயர்களில் ஒன்று காணவே இல்லையென்றால் அது சாதாரணக் கோளாறு அன்று. தீய மென்பொருள் அழித்திருக்கக்கூடும்.

### "உங்கள் நிறுவனம் இந்த அமைப்பை நிர்வகிக்கிறது" என்று வருகிறதா

அலுவலகம் கொடுத்த மடிக்கணினியில் இப்படி வந்தால் இயல்பு. சொந்தமாக வாங்கிய வீட்டுக் கணினியில் வந்தால், யாரோ ஒருவரோ ஏதோ ஒரு நிரலோ அந்த அமைப்பைப் பூட்டி வைத்திருப்பதாகப் பொருள். இதற்குப் பழைய ஆன்டிவைரஸின் எச்சம் காரணமாக இருக்கலாம். அதைவிடக் கவலைக்குரிய காரணம், விண்டோஸுக்கோ கணக்கு மென்பொருளுக்கோ காசு கொடுக்காமல் உரிமம் ஏற்றும் திருட்டுக் கருவி. அப்படிப்பட்ட கருவிகள் வேலை செய்வதற்காகவே ஃபயர்வாலையும் ஆன்டிவைரஸையும் அணைக்கச் சொல்கின்றன. அணைத்த அந்த இடைவெளியில் கூடவே என்ன நுழைந்தது என்பதைப் பிறகு அறிய வழியில்லை. சில ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய், பல வருடக் கணக்கையும் வங்கிக் கடவுச்சொல்லையும் பணயம் வைக்கும் செயல் இது. கடைக்காரர் "எல்லாம் சேர்த்துப் போட்டுத் தர்றேங்க" என்று சொன்னால் உரிமத்துக்கு ரசீது கேட்டு வாங்குங்கள்.

இங்கே செய்ய வேண்டியது, விண்டோஸ் செக்யூரிட்டியில் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்', 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' என்று போய் 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன்' சோதனையை ஓட்டுவது. கணினி மறுதொடக்கமாகி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே சோதிக்கும் என்பதால் ஒளிந்திருப்பவை தப்புவது கடினம். ஏறத்தாழ 15 நிமிடம் ஆகும். முடிந்த பிறகு, கண்ட்ரோல் பேனலில் உள்ள விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால் பக்கத்தின் இடப்பக்கம் 'ரீஸ்டோர் டிஃபால்ட்ஸ்' என்பதை அழுத்தி, விதிகள் அனைத்தையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவாருங்கள். டேலிக்கும் பிரிண்டருக்கும் மறுபடி வழி திறக்க வேண்டியிருக்கும்.

### எப்போது ஆளை அழைப்பது

சோதனைக்குப் பிறகும் மறுநாள் ஃபயர்வால் அணைந்தே கிடந்தாலோ, சர்வீஸ் காணாமல் போயிருந்தாலோ, சரிபார்த்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. தரவை மட்டும் நகலெடுத்து, விண்டோஸைப் புதிதாக நிறுவச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். விண்டோஸ் 7 இன்னும் ஓடும் கணினிகளை விசைத்தறிக் குடோன்களில் பார்க்கிறேன். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஆம் நாளோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிந்துவிட்டது. ஆகவே புதிதாக நிறுவும்போது, கணினி தாங்குமானால் 11-ஐயே போடச் சொல்லுங்கள்.

## அறிகுறி 3: இணையம் வருகிறது, டேலியோ பிரிண்டரோ மட்டும் வரவில்லை

"நெட்டெல்லாம் நல்லா வருதுங்க, டேலி மட்டும் எஜுகேஷனல்னு காட்டுதுங்க" என்று அழைப்பு வந்தால் (உரிமம் கிடைக்காதபோது டேலி காட்டும் நிலை அது), வேறொரு கணினியில் இருக்கும் டேலியையோ பிரிண்டரையோ அணுக ஃபயர்வால் விடவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். ஃபயர்வால்தான் காரணமா என்பதை உறுதிசெய்ய ஒரு பாதுகாப்பான முறை உண்டு. ரவுட்டருக்குள் வரும் இணையக் கம்பியைக் கழற்றிவிட்டு, வீட்டுக்குள் உள்ள இணைப்பு மட்டும் இருக்கும்போது, தரவு வைத்திருக்கும் கணினியின் ஃபயர்வாலை இரண்டு நிமிடம் அணைத்துப் பாருங்கள். ரவுட்டரும் மோடமும் ஒரே பெட்டியாக இருந்தால் மஞ்சள் ஃபைபர் கம்பியை மெதுவாக, வளைக்காமல் எடுக்க வேண்டும். குறை தீர்ந்தால் காரணம் ஃபயர்வால், தீராவிட்டால் வேறு. இரண்டிலும் ஃபயர்வாலைத் திரும்பப் போட்ட பிறகே கம்பியைச் செருகுங்கள்.

### ரவுட்டரை மாற்றிய பிறகு வந்த குறை என்றால்

விண்டோஸ் புது ரவுட்டரைப் புது நெட்வொர்க்காகவே பார்க்கும். புதியதைப் 'பப்ளிக்' என்று வைத்து, பக்கத்துக் கணினிகளுக்கு முகம் காட்டாமல் இருந்துகொள்ளும். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், இணைப்பின் பண்புகளில் 'பிரைவேட்' என்று மாற்றினால் பிரிண்டர் தலைகாட்டும். வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டுமே இப்படி மாற்ற வேண்டும். விடுதி, பேருந்து நிலையம், கல்லூரி வைஃபை எல்லாம் 'பப்ளிக்'காகவே இருக்கட்டும்.

### 'பிரைவேட்' ஆகவே இருந்தும் வரவில்லை என்றால்

ஃபயர்வால் பக்கத்தில் 'அலவ் அன் ஆப் த்ரூ ஃபயர்வால்' என்பதைத் திறந்து, 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' என்ற வரியில் பிரைவேட் கட்டத்தில் மட்டும் குறி இடுங்கள். பப்ளிக் கட்டம் காலியாகவே இருக்க வேண்டும். கூடவே, பிரைவேட் நெட்வொர்க்கின் பக்கத்தில் 'உள்வரும் இணைப்புகள் அனைத்தையும் தடு' என்ற பொருளில் உள்ள கட்டம் குறியிடப்பட்டிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். அந்தக் குறி இருக்கும்வரை அனுமதிப் பட்டியல் எதுவும் செல்லாது.

### டேலியின் உரிமம் மட்டும் கிடைக்கவில்லை என்றால்

உரிமம் வைத்திருக்கும் கணினியை மற்றக் கணினிகள் வழக்கமாக 9999 என்ற போர்ட் (கணினிக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல்) வழியாக அணுகுகின்றன. வேறு மென்பொருள்கள் டேலியோடு பேசுவதற்கு வழக்கமான எண் 9000. உங்கள் டேலியில் இந்த எண்கள் மாற்றப்பட்டிருக்கின்றனவா என்று அதன் அமைப்பில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஃபயர்வால் பக்கத்தில் 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' திறந்து, 'இன்பவுண்ட் ரூல்ஸ்', 'நியூ ரூல்', 'போர்ட்' என்று போய், டிசிபி என்பதைத் தேர்ந்து, தேவைப்படும் எண்ணை மட்டும் இட்டு, பிரைவேட் சுயவிவரத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

விதியை உருவாக்கியதோடு நிறுத்தாமல், அதன் பண்புகளைத் திறந்து 'ஸ்கோப்' பகுதியில் தொலைமுகவரிக்கு 'லோக்கல் சப்நெட்' என்று குறித்துவிடுங்கள். இப்போது வீட்டு ரவுட்டரில் இருக்கும் கணினிகள் மட்டுமே அந்த வழியைத் தட்ட முடியும். பலர் விட்டுவிடும் இந்தக் கடைசிப் படியைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்.

விதி சரியாக இருந்தும் சில நாட்களுக்கு ஒருமுறை அறுபட்டால், தரவு இருக்கும் கணினிக்கு நெட்வொர்க்கில் ரவுட்டர் தரும் எண், அதாவது ஐபி முகவரி, மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ரவுட்டரில் அந்தக் கணினிக்கு நிலையான முகவரி ஒதுக்கிவிட்டால் போதும். ஃபயர்வாலைத் தொட வேண்டியதில்லை.

இணையமே எதிலும் வராத குறைக்கு ஃபயர்வாலைச் சந்தேகிப்பது வீண். விண்டோஸ் ஃபயர்வாலின் இயல்பு, வெளியே போவதை அனுமதித்து, அழைக்காமல் உள்ளே வருவதைத் தடுப்பது. ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் கேபிள்காரரை அழையுங்கள்.

## அறிகுறி 4: மவுஸ் தானாக நகர்கிறது, அறியாத சாளரங்கள் திறக்கின்றன, அறியாத பயனர் பெயர் தெரிகிறது

மவுஸ் மட்டும் நடுங்கினால் பதற வேண்டாம். கண்ணாடி மேசை, தீர்ந்துபோகும் பேட்டரி, மடிக்கணினியின் டச்பேடில் படிந்த ஈரம் எல்லாமே அப்படிச் செய்யும். மவுஸைக் கழற்றியும் சுட்டி குறிவைத்துப் போய்ச் சாளரங்களைத் திறந்தால் மட்டுமே ஆள் இருக்கிறார் என்று கொள்ளலாம். அப்போது முதல் வேலை இணையத்தைத் துண்டிப்பது. ரவுட்டரின் மின் இணைப்பையே பிடுங்கிவிடலாம். பணம் போயிருந்தால் எதையும் நீக்காமல் இந்தப் பகுதியின் கடைசித் தலைப்புக்குப் போங்கள்; இல்லையென்றால் பின்வரும் வரிசையில் பாருங்கள்.

### தொலைநிலை மென்பொருள் இருக்கிறதா

எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை தொலைவிலிருந்தே கணினியை இயக்க உதவும் நல்ல கருவிகள்தான். ஜிஎஸ்டி தாக்கலுக்காக ஆடிட்டர் அலுவலகத்தாரும், டேலி சர்வீஸ்காரர்களும் இவற்றைப் போடச் சொல்கிறார்கள். இவற்றை ஃபயர்வால் தடுக்காது. ஏனென்றால் உங்கள் கணினியே வெளியே போய் இணைப்பைத் தொடங்குகிறது. எனவே ஃபயர்வால் பச்சையாக இருப்பதைப் பார்த்து யாரும் உள்ளே இல்லை என்று நம்பிவிடக் கூடாது. நிறுவப்பட்ட மென்பொருள் பட்டியலைத் திறந்து தேதிவாரியாக வரிசைப்படுத்தி, நீங்கள் அறியாமல் வந்தவற்றை நீக்குங்கள். அறிந்தே போட்டதாக இருந்தால், ஆளில்லாமலே நுழைய அனுமதிக்கும் நிலையான கடவுச்சொல் அதில் வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து அதை எடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் மென்பொருளையே நீக்கிவிட்டு, அடுத்த மாதம் தேவைப்படும்போது மறுபடி போட்டுக்கொள்வதே நல்லது.

### ரிமோட் டெஸ்க்டாப் திறந்திருக்கிறதா

விண்டோஸ் ஹோம் பதிப்பு ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வெளியாரை ஏற்காது. புரோ பதிப்பு ஏற்கும். செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில் அது 'ஆன்' ஆக இருந்து, ரவுட்டரிலும் 3389 என்ற போர்ட் இந்தக் கணினிக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தால், உலகம் முழுவதிலிருந்தும் இயந்திரங்கள் இடைவிடாமல் கடவுச்சொல்லைச் சோதித்துக்கொண்டிருக்கும். ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், செக்யூரிட்டி பகுதியில் 4625 என்ற எண்ணோடு வரிசை வரிசையாகப் பதிவுகள் இருந்தால் அவை தோற்றுப்போன நுழைவு முயற்சிகள். அவற்றின் நடுவே அறியாத முகவரியிலிருந்து 4624 என்ற பதிவு, பத்தாம் வகை (ரிமோட் டெஸ்க்டாப் வழியான) நுழைவாக இருந்தால் ஒருவர் உள்ளே வந்துவிட்டார். ரவுட்டரில் அந்தத் திருப்புதலை நீக்கி, ரிமோட் டெஸ்க்டாப்பை அணையுங்கள்.

### எந்த நிரல் காத்துக்கொண்டிருக்கிறது

ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து நெட்வொர்க் பகுதியில் 'லிசனிங் போர்ட்ஸ்' என்ற பட்டியலைப் பாருங்கள். எந்த நிரல் எந்தப் போர்ட்டில் காத்திருக்கிறது என்பதோடு, ஃபயர்வால் அதை அனுமதிக்கிறதா என்பதையும் கடைசி நெடுவரிசை காட்டும். விண்டோஸின் சொந்த நிரல்கள் பல இருக்கும், அவற்றைத் தொடாதீர்கள். அறியாத பெயர் ஒன்று அனுமதியோடு உட்கார்ந்திருந்தால் பெயரைக் குறித்துக்கொண்டு, ஃபயர்வாலில் அதன் விதியை முடக்கிவிட்டு, ஆஃப்லைன் சோதனையை ஓட்டுங்கள்.

### எப்போது ஆளையும் காவல்துறையையும் அழைப்பது

பணம் போயிருந்தால் கணினியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை இடையில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். வங்கியையும் அழைத்து, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். இதே கணினியிலிருந்து மாற்றினால் புதியதும் அவர்கள் கைக்கே போகக்கூடும். அதன்பின் மாவட்டச் சைபர் கிரைம் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்; அதுவரை கணினியில் எதையும் அழிக்கவோ விண்டோஸைப் புதிதாக நிறுவவோ கூடாது.

கோப்புகளின் பெயர்கள் மாறி, திறக்க முடியாமல் போய், பணம் கேட்கும் குறிப்பு கிடந்தால் அது ரான்சம்வேர். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை, 445 என்ற போர்ட் வழியாகவே கணினியிலிருந்து கணினிக்குத் தாவியது. அதற்கான திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது. ஆகவே வீட்டில் உள்ள மற்றக் கணினிகளையும் ரவுட்டரிலிருந்து உடனே பிரியுங்கள். இந்த நிலையில் சொந்தமாக முயலாமல், தரவு மீட்பு தெரிந்தவரிடம் கொண்டுபோவதே சரி. பணம் கொடுத்தால் கோப்பு திரும்பும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

## அறிகுறி 5: கணினியில் குறை தெரியவில்லை, கேமரா தானாகத் திரும்புகிறது, இரவில் இணையம் மந்தமாகிறது, ரவுட்டரின் அமைப்பு மாறியிருக்கிறது

கணினியின் ஃபயர்வால் கணினியை மட்டுமே காக்கும். கேமரா பெட்டிக்கும் ரவுட்டருக்கும் அது காவல் இல்லை. 2016-இல் மிராய் என்ற தீய நிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களிலும் பதிவுப் பெட்டிகளிலும் ரவுட்டர்களிலும் புகுந்து, அவற்றை ஒரு படையாகத் திரட்டிப் பெரிய இணையச் சேவைகளையே முடக்கியது. பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் மாட்டிய பெட்டியானாலும் அதே கடவுச்சொல்லோடு இருந்தால் அதே ஆபத்துதான்.

முதலில் செலவில்லாதவை. கேமரா பெட்டியின் கடவுச்சொல்லையும், ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். வைஃபை கடவுச்சொல்லும் ரவுட்டருக்குள் நுழையும் கடவுச்சொல்லும் வேறுவேறு என்பதைக் கவனியுங்கள். முன்னதை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் அதிகம். ரவுட்டரின் பக்கம் வழக்கமாக 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்ற முகவரியில் திறக்கும். அங்கே 'ரிமோட் மேனேஜ்மென்ட்', யுபிஎன்பி (கருவிகள் தாமாகவே வழி திறந்துகொள்ளும் வசதி), டபிள்யுபிஎஸ் (கடவுச்சொல் இல்லாமல் வைஃபையில் சேரும் வசதி) மூன்றையும் அணையுங்கள். டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரிகள் அறியாதவையாக மாறியிருந்தால் கேபிள்காரரிடம் கேட்டுச் சரியானதை இடுங்கள்.

அடுத்து 'போர்ட் ஃபார்வார்டிங்' பட்டியல். கேமராவைச் செல்பேசியில் பார்ப்பதற்காக மாட்டியவர்கள் இங்கே வழி திறந்து வைத்திருக்கலாம். இன்றைய பெட்டிகள் பெரும்பாலும் நிறுவனத்தின் செயலி வழியாகவே காட்டும் என்பதால், திருப்புதலை நீக்கிவிட்டுச் செயலியில் படம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அப்படியே விட்டுவிடலாம். ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், அந்த முகவரி இணைப்பு நிறுவனத்தின் உள்முகவரி. வெளியார் அதன் வழியே நேராக வர முடியாது. ஆனால் ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி முறை) இயங்கும் இணைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் தனி வெளிமுகவரி கிடைப்பதால், ரவுட்டரில் ஐபிவி6 ஃபயர்வால் போடப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ரவுட்டரில் விருந்தினர் வைஃபை வசதி இருந்தால் கேமராக்களை அதில் மாட்டுங்கள். கேமராவில் ஒருவர் நுழைந்தாலும் கணக்குக் கணினியை நெருங்குவது கடினம். பெட்டியிலும் ரவுட்டரிலும் ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) புதுப்பிப்பு இருந்தால் போடுங்கள். மின்சாரம் நிலையாக இருக்கும் நேரத்தில், யுபிஎஸ் இணைப்பில் வைத்து மட்டுமே போட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் அமைப்பு தானாக மாறினால் ரவுட்டரைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்ப வேண்டும். அந்தச் சிறு துளையில் ஊசியை வைப்பதற்கு முன், இணைப்பின் பிபிபிஓஇ பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேபிள்காரரிடம் கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவை இல்லாமல் திருப்பிவிட்டால், அவர் வரும்வரை வீட்டில் இணையம் இருக்காது. திருப்பிய பின்னும் மாறுகிறதென்றால், அல்லது உங்கள் மாடலுக்குப் புதுப்பிப்பு வருவதே நின்றுபோயிருந்தால், ரவுட்டரை மாற்றச் சொல்லிக் கேபிள்காரரிடம் கேளுங்கள். புதியது வந்ததும் நிர்வாகக் கடவுச்சொல்லை அவர் எதிரிலேயே மாற்றிவிடுங்கள்.